யோகராணிக்காக நாங்கள் பொறுக்கிய பொறிவண்டுகள்

செய்தி வந்தபோது நான் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கத் தரிப்பிடத்தில், ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குக் காரைப் பின்னால் எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். கார் பழக்குவதுதான் என் தொழில். தொலைபேசியில் அபியின் பெயர் விழுந்தது. அபி என் சிநேகிதி யோகராணியின் ஒரே மகள், இங்கே பிறந்தவள். "அங்கிள், அம்மா போயிட்டா," என்றாள். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கி, அதை முடிக்காமல், "நீங்கள் வருவீங்கள்தானே?" என்று கேட்டாள். வாறன் பிள்ளை என்றேன். பக்கத்தில் இருந்த பெண் பிறேக்கிலிருந்து காலை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைய பாடத்தை அதோடு நிறுத்திவிட்டேன்.

அவரைப் பிடித்திருந்த வருத்தம் இன்னதென்று வைத்தியர்கள் சொல்லித் தெரியும், நாள் நெருங்கிவிட்டது என்றும் தெரியும். தெரிந்திருந்தால் தாங்கலாம் என்று சொல்கிறவர்களுக்கு வேண்டியவர்கள் யாரும் இன்னும் சாகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

செத்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டு என்கிற சிறு புத்தகத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அபி கேட்டாள். எங்கள் கல்வெட்டுகள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் தேவாரம், பிறகு குடும்பக் கிளைகள், பிறகு நாலு பேரின் நினைவுரை. நாலு பேர் எழுதினாலும் ஒரே ஆளைப் பற்றித்தான் எழுதுவார்கள்: பண்பானவர், பாசமானவர், உபசரிப்பில் குறைவைக்காதவர். யோகராணி அப்படியில்லை. மூக்கு நுனியில் கோபம். வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வைக்க மறந்துவிடுவார். சொன்ன நேரத்துக்குப் பிந்தி வந்தவனை வாசலில் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்குவார். அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன், ஆகவே பூசி மெழுகப் போவதில்லை. பூசி மெழுகினால் அவருக்குப் பிடிக்காது என்பது இதை வாசித்து முடிக்கும்போது தெரியாதவர்களுக்கும் தெரியும்.

அவரை நான் முதன்முதலில் சந்தித்ததே திட்டு வாங்கித்தான். நான் வார இறுதிகளில் இங்குள்ள ஒரு தமிழ் வார இதழின் அறிவியல் பக்கத்தைப் பார்த்துவந்தேன். ஊரில் கம்பஸில் தாவரவியல் படித்த மிச்சம். ஒருமுறை, பூச்சிகள் சூழலுக்கு ஏற்பத் தங்கள் நிறத்தை மாற்றிக்கொள்கின்றன என்று எழுதிவிட்டேன். பத்திரிகை கடைகளுக்குப் போன அன்றே ஒரு பெண் குரல் அழைத்தது. தான் ஒரு பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படிப்பிக்கிறதாகச் சொல்லிவிட்டு, வணக்கம் கூட வைக்காமல் தொடங்கினார்: "அண்ணை, பூச்சி துணிக்கடைக்குப் போறதில்லை."

அதன்பிறகு நடந்தது முழு வகுப்பு. எந்தப் பூச்சியும் நினைத்து நிறம் மாறுவதில்லை. ஒரே இனத்துக்குள் சிலது ஒரு நிறம், சிலது வேறு நிறம்; அது தாய் தகப்பனிடமிருந்து வருவது. சூழல் மாறினால் ஒரு நிறத்துக்கு வாழ்வு லேசாகும், மற்ற நிறத்துக்குக் கஷ்டமாகும். கஷ்டப்பட்டவை குறைவாகக் குஞ்சு பொரிக்கும், அல்லது பொரிக்காமலே சாகும். நாலைந்து தலைமுறை கழித்துப் பார்க்கிறவனுக்குக் கூட்டமே நிறம் மாறினதுபோலத் தெரியும். "ஒரு வண்டும் மாறேல்லை அண்ணை. ஆர் பிள்ளை பெத்தது எண்டதுதான் மாறினது. மாறிச்சு மாறிச்சு எண்டு நீங்கள் சந்தோசமா எழுதுறியள், அதுக்குள்ளை செத்ததுகளை ஆர் எழுதுறது?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அடுத்த வாரம் திருத்தம் போட்டேன். அதற்கடுத்த வாரம் அவரையே எழுதச் சொன்னேன். எழுதினார், நான் மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் சண்டை பிடித்தார். அப்படித்தான் நாங்கள் நண்பர்களானோம்.

அவருடைய ஆய்வு பொறிவண்டைப் பற்றியது. பிள்ளைகள் லேடிபக் என்பார்களே, அது. இலையுதிர்காலத்தில் வெயில் அடிக்கிற நாட்களில் பொறிவண்டுகள் உயரமான கட்டடங்களின் வெயில் பக்கச் சுவரில் ஏறி, யன்னல் இடுக்குகளால் உள்ளே வந்து, குளிர்காலத்தை அங்கே கழிக்கப் பார்க்கும். அதில் பல வகை உண்டு. பெரிய செம்மஞ்சள் வகை எங்கும் மலிந்து கிடக்கிறது. அவருக்கு வேண்டியது இந்த நாட்டுக்கே உரிய ஒரு சிறிய வகை. அந்தச் சிறிய வகைக்குள் இரண்டு நிறம் இருக்கிறது: சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு, அல்லது கறுப்பு முதுகில் சிவப்புப் பொட்டு. கறுப்பு எப்போதும் குறைவு.

கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சும். வசந்தம் குளிராக வந்தால் கறுப்பு வண்டு முதலில் சூடேறி, முதலில் எழும்பி, முதலில் இணை தேடும். சிவப்பு அப்போதும் விறைத்துக்கொண்டிருக்கும். வசந்தமே சூடாக வந்தால் அந்த முந்துதலால் பயனில்லை. கோடை கொதித்தால் கறுப்பு வண்டு தன் முதுகின் சூட்டிலேயே வாடிப்போகும். அப்படியானால் இந்த நகரத்தின் குளிர் குறையக் குறைய, கறுப்பும் குறைய வேண்டும். குறைகிறதா? இதுதான் யோகராணியின் கேள்வி. வருடா வருடம் ஒப்பந்தத்துக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு பகுதிநேர விரிவுரையாளருக்கு, தன் பெயரில் சொந்தமாக இருந்த ஒரே கேள்வி.

வண்டுக்கு எங்கே போவது? எங்கள் சனம் வாழ்கிற மாடிக் கட்டடங்களுக்குப் போனார். சென் ஜேம்ஸ் ரவுணில் தொடங்கி, பிறகு ஸ்காபரோவிலும் பல வீடுகள். எங்கள் வீடுகளில் தயிர் வாங்கின யோகட் டப்பாவை யாரும் எறிவதில்லை, ஆகவே சேர்க்கிற பாத்திரத்துக்குக் குறைவில்லை. இலையுதிர்காலம் முழுக்க யன்னலடியில் கிடக்கிற பொறிவண்டு எல்லாவற்றையும் அதில் போட்டு வையுங்கோ, நான் வந்து எடுக்கிறன் என்று வீடு வீடாகச் சொன்னார். அவருக்குக் கார் ஓடத் தெரியாது. நான் பழக்கப் பார்த்தேன். இரண்டாம் பாடத்திலேயே என்னோடு கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஆகவே ஒவ்வொரு இலையுதிர்காலமும் நான்தான் சாரதி.

அந்தச் சுற்றுகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கதவு திறந்ததும் வீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் டப்பாவைக் கேட்பார். மேசையில் வெள்ளைத் தாளை விரித்து வண்டுகளைக் கொட்டுவார். சிவப்பு, சிவப்பு, செம்மஞ்சள், செத்த இலையான் ஈ என்று முணுமுணுத்துக்கொண்டு போகிறவர், ஒரு கறுப்பைக் கண்டதும் அப்படியே மலர்ந்துவிடுவார். அதைத் தாளின் நடுவில் வைத்து வீட்டிலுள்ள எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் என்னவாகும் என்று விளக்குவார். இது எவ்வளவு அருமையான சாமான் தெரியுமா என்பார். யாரோடும் சிரித்துப் பேசாத மனிசி எங்கள் வீட்டுக்கு வந்து சிரிச்சவ என்று சனம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். பிறகு சாப்பிடாமல் போகவும் விடமாட்டார்கள்.

அவருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்பதை ஒருமுறை கண்டேன். ஒரு சங்கத்தின் ஆண்டு விழா. மேடையில் ஒருவர், பனியில் வந்து இறங்கிய நாங்கள் பூச்சி நிறம் மாறுவதுபோல மாறி, வென்று, இன்று வைத்தியராகவும் வழக்கறிஞராகவும் நிற்கிறோம் என்று முழங்கினார். கைதட்டல். யோகராணி எனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். வெளியே வந்ததும் கார் கதவை அடித்துச் சாத்திவிட்டு, "தாக்குப்பிடிச்சு நிண்டவையைத்தான் உவர் எண்ணுறார்," என்றார். யோகராணி குடும்பம் முதலில் வந்து குடியிருந்த கட்டடத்தில், அவருடைய அண்ணனோடு ஒரே அறையில் இருந்த ஒருவர் முதற் குளிரிலேயே மனம் பேதலித்துப் போனாராம். இன்னொருவர் ரயிலுக்கு முன்னால் போய்விட்டாராம். அவர்களில் என்ன குறை, எங்களில் என்ன கெட்டித்தனம் என்று கேட்டார். நான் காரை எடுத்து அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

இப்போது நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பல இலையுதிர்காலங்கள் எண்ணிய பிறகு அவருக்கு ஒரு விடை கிடைத்தது. கறுப்பு குறையவில்லை. சூடான வருடங்கள் வந்துபோயும் டப்பாக்களில் கறுப்பின் பங்கு அப்படியே நின்றது. சில கட்டடங்களில் கொஞ்சம் கூடியும் இருந்தது. எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். ஏன் என்று விளங்காமல் தலையை உடைத்தார். கட்டடங்களின் நிழலாக இருக்கலாம், ஏரிக் காற்றாக இருக்கலாம் என்று பலவும் எழுதி, ஓர் ஆய்வுக் கட்டுரையாக அனுப்பினார். அதை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் எனக்குத் தேத்தண்ணி வைத்துத் தந்தார் என்றால் எவ்வளவு சந்தோசம் என்று விளங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை வந்தால் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்கு ஒரு வழி திறக்கும் என்றும் சொன்னார். நான் என் அறிவியல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டேன். அதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் வானொலியில் வந்து, பாருங்கள், ஒரு சின்னப் பூச்சிக்கே ஒன்றும் ஆகவில்லை, பூமி சூடாகிறது என்பதெல்லாம் ஊதிப் பெருப்பித்த கதை என்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து யோகராணிக்கு மனம் சரியில்லை. என் கணக்கு உவருக்கு ஏன் இவ்வளவு இனிக்குது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கட்டுரை அச்சுக்குப் போக இருந்த இலையுதிர்காலத்தில், சொல்லாமல் கொள்ளாமல், குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே புனிதம் அக்கா வீட்டுக்குப் போனோம். புனிதம் அக்கா சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருப்பவர். யோகராணிக்கு முதன்முதலில் டப்பா தந்தவரும் அவர்தான். கதவு சாத்தியிருக்கவில்லை. அவர் யன்னலடியில் ஒரு முக்காலியில் இருந்துகொண்டு, தேக்கரண்டியால் வண்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வக்யூம் மெசின். கறுப்பு ஒன்று வந்தால் டப்பாவுக்குள் போடுவார். சிவப்பு வந்தால், நல்லதாக இருப்பதில் ஒன்றிரண்டைப் போட்டுவிட்டு, மிச்சத்தை வக்யூமால் இழுத்துவிடுவார்.

யோகராணி வாசலிலேயே நின்றுவிட்டார். என்னக்கா செய்யிறியள் என்று மெதுவாகக் கேட்டார். அப்படி மெதுவாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை. புனிதம் அக்கா நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "உங்களுக்கெண்டு நல்லதாப் பாத்துத் தெரிஞ்செடுக்கிறன் பிள்ளை. சிவப்பு எல்லா வீட்டிலையும் கிடக்குத்தானே. விருப்பமான ஆளுக்கு நடுத்துண்டு மீனைத்தானே எடுத்து வைப்பம்," என்றார்.

யோகராணி கோபிக்கவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். புனிதம் அக்கா வைத்துத் தந்த கோப்பியை முழுவதும் குடித்தார். டப்பாவை நன்றி சொல்லி வாங்கினார். எலிவேற்றரில் இறங்கும்போது டப்பாவை நான் வாங்கிக்கொண்டேன். நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போனோம், அதற்கடுத்த வீட்டுக்கும் போனோம். இப்போது அவர் வேறு மாதிரிக் கேட்டார். எல்லா வீட்டிலும் இதே கதை. ஒரு வீட்டில் கறுப்புக்கென்று தனி டப்பா. இன்னொரு வீட்டு அண்ணர் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோக் குடும்பத்திடமிருந்து வடை கொடுத்துக் கறுப்பு வண்டு வாங்கியிருக்கிறார். வெளியே கறுப்பு அரிதாக அரிதாக, எங்கள் சனம் இன்னும் கவனமாகத் தேடி, இன்னும் அன்பாகச் சேர்த்திருக்கிறது. வெளியே குறைந்தது டப்பாவுக்குள் குறையவில்லை. அதுதான் அவருடைய விடை.

காரில் ஏறியதும், "வாயாலை எல்லாத்தையும் போடுங்கோ எண்டு சொன்னன். முகத்தாலை கறுப்பு எண்டு சொன்னன். சனம் முகத்தைத்தான் கேட்டது," என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, நான் அவரோடு வாதாடினேன். கட்டுரையைத் திரும்ப எடுக்க வேண்டாம், ஏதாவது கணக்குச் செய்து அந்தப் பிழையைக் கழித்துவிடலாம், புள்ளிவிபரக்காரர்களுக்கு இதற்கெல்லாம் வழி இருக்கும் என்றேன். அபியும் அதையேதான் சொன்னாள். அம்மா, யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் கோபிக்க மாட்டார்கள், நீங்கள் இவ்வளவு காலம் கஷ்டப்பட்டது போதாதா என்று அழுதாள். யோகராணி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எந்த வீடு எனக்கு எவ்வளவு அன்பு வைச்சதெண்டு அளக்கத் தெரிஞ்சால் கழிக்கலாம்," என்று சொல்லிவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெறும் மின்னஞ்சலை எங்களுக்கு முன்னாலேயே அனுப்பினார். அபி கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். தாயும் மகளும் அதற்குப் பிறகு கனகாலம் சரியாகக் கதைக்கவில்லை. அபியின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். நிரந்தர வேலைக்குத் திறக்கவிருந்த கதவும் அதோடு சாத்திக்கொண்டது.

பிறகு புனிதம் அக்கா இருந்த கட்டடத்தின் பொது மண்டபத்தில், டப்பா தந்த எல்லாரையும் கூட்டினார். ஏதோ பாராட்டு விழா என்று நினைத்துச் சனம் பட்டுச் சேலையும் மீன் ரோல்ஸுமாக வந்திருந்தது. அவர் எழும்பி, கணக்குப் பிழைத்துப் போனது, பிழை தன்னுடையது, தனக்கு எது விருப்பம் என்று அவர்களுக்குக் காட்டியிருக்கக் கூடாது என்றார். யார் வீட்டில் கண்டுபிடித்தோம் என்று சொல்லவில்லை. ஆனால் புனிதம் அக்காவுக்கு விளங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்தவர் எழும்பி, "அப்ப நாங்கள் அன்பாச் செய்தது பிழையோ பிள்ளை?" என்று கேட்டார்.

"அன்பு பிழையில்லை அக்கா. ஆனால் அது வண்டைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. உங்களைப் பற்றித்தான் சொல்லிச்சு. எனக்கு விருப்பம் எண்டு இனி ஒண்டையும் தெரிஞ்செடுத்துத் தராதேங்கோ. தூசி, தும்பு, செத்த இலையான், கிடக்கிறதெல்லாத்தையும் கூட்டி அள்ளித் தாங்கோ," என்றார் யோகராணி. புனிதம் அக்கா தலையாட்டினார். பிறகு எல்லாரும் ரோல்ஸ் சாப்பிட்டோம்.

முதலிலிருந்து மறுபடி தொடங்க அவருக்கு இன்னும் பல இலையுதிர்காலங்கள் வேண்டும். அந்த வருடம்தான் வைத்தியர்கள் வருத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு காலம் கிடைக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஏன் தொடங்குகிறாய் யோகா என்று கேட்டேன். தான் முடிக்காவிட்டால் முடியாத கணக்காகக் கிடக்கட்டும், ஆனால் சரியான இடத்திலிருந்து தொடங்கின கணக்காகக் கிடக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு வந்த டப்பாக்களில் பாதிக்கு மேல் குப்பை. தலைமயிர், பஞ்சு, பாண் துகள், பொத்தான். அவர் அதையெல்லாம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கிளறினார். முகத்தை அப்படி இறுக்கி வைத்திருக்க எவ்வளவு பாடுபட்டார் என்று எனக்குத்தான் தெரியும்.

உண்மையான எண்ணிக்கை கொடுமையாக இருந்தது. முதல் இலையுதிர்காலத்தில் எல்லா வீடுகளையும் சேர்த்தும் கறுப்பு மிகச் சில. அடுத்ததில் அதிலும் குறைவு. சென்ற வருடம் ஒன்றுகூட இல்லை. சிவப்பும் மெலிந்துகொண்டு வந்தது. நான் என் பக்கத்தில் எழுதவா என்று கேட்டேன். வேண்டாம், ஒரு வருடத்தில் காணாதது இல்லாமல் போனதென்று ஆகாது, அடுத்த வருடமும் பார்க்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அடுத்த வருடம் என்று சொன்னார். கறுப்பு போனால் என்ன, சிவப்பு இருக்கிறதே என்று நான் ஆறுதலுக்குச் சொல்லப்போனேன். "வெயில் கூடினால் சிவப்புக்கு வாழ்வு. திரும்பவும் ஒரு நாள் குளிர் வந்தால் இயற்கை எதிலையிருந்து தெரிஞ்செடுக்கிறது அண்ணை? தெரிஞ்செடுக்க ஒண்டும் மிஞ்சாட்டி தேர்வு எண்டு ஒண்டு இல்லை, சாவு மட்டும்தான்," என்றார்.

அவர் போனது இலையுதிர்காலத்தின் தொடக்கத்தில், வண்டுகள் சுவர் ஏறுவதற்கு முன்னம். மரணச் சடங்கு மண்டபத்தில் பலர் பேசினார்கள். எல்லாரும் அவருடைய அன்பைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் பேசினார்கள். பொறுமையாம்! பெட்டிக்குள் அவர் எழும்பி இருந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

மூன்று கிழமை கழித்து நல்ல வெயில் அடித்தது. யாரும் கேட்காமலே வீடுகளிலிருந்து டப்பாக்கள் வரத் தொடங்கின. அபி எல்லாவற்றையும் தாயின் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, என்னைக் கூப்பிட்டாள். இருவரும் பகல் முழுக்க இருந்து எண்ணினோம். குப்பை, இலையான், செம்மஞ்சள் வகை, எங்கள் சின்ன வகையில் சில சிவப்பு. கறுப்பு இல்லை. கடைசியாகப் புனிதம் அக்காவின் டப்பா. அதைக் கொட்டினால் தூசிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வந்தது. கறுப்பு முதுகு, சிவப்புப் பொட்டு. அபி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருக்கிறது யோகா, இருக்கிறது என்று மனதுக்குள் கத்தினேன்.

பிறகு விரல் நுனியில் எடுத்துப் பார்த்தேன். மற்றவை பாதி உயிரோடு, கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தன. இது உமிபோலக் காய்ந்திருந்தது. ஒரு கால் இல்லை. தூசிக்குள் கிடந்ததன் முதுகில் தூசி ஒட்டியிருக்கவில்லை. ஹீற்றருக்குப் பின்னால் கிடந்தும் அப்படிக் காயலாம். காயலாம்தான். கேட்காமல் விட்டிருந்தால் எனக்கும் நிம்மதி, அபிக்கும் நிம்மதி. ஆனால் தொலைபேசியை எடுத்தேன். அக்கா, ஒன்று கேட்பேன், கோவிக்கக்கூடாது, அந்தக் கறுப்பு இந்த வருடத்தினதா என்று கேட்டேன்.

"முந்திச் சேர்த்ததிலை ஒண்டு தம்பி," என்றார் புனிதம் அக்கா. "வடிவா இருந்ததெண்டு எறிய மனம் வரேல்லை. பஞ்சுக்கை சுத்தி நகைப்பெட்டிக்கை வைச்சிருந்தனான். பிள்ளை வெறுங்கையோட போகக்கூடாதெண்டு போட்டனான்." அழுகிற சத்தம் கேட்டது. நான் போனை வைத்தேன்.

அபி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றே ஒன்றுதானே அங்கிள், இந்த ஒரு வருடம் மட்டும் அம்மாவுக்காக எண்ணுவோமே என்றாள். எனக்கும் அதைவிட வேறு ஆசை இருக்கவில்லை. இதை எண்ணினால் அவருடைய கேள்விக்கு இன்னும் ஒரு வருடம் உயிர் இருக்கும், அவரைப் பற்றி எழுதுகிற இந்தக் கட்டுரைக்கும் ஒரு நல்ல முடிவு கிடைக்கும். வண்டை எடுத்து அபியின் கையில் வைத்தேன். இது உனக்கு, கணக்குக்கு இல்லை என்றேன். அவள் கையைப் பொத்திக்கொண்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் தாளை இழுத்து, இந்த ஆண்டு, கறுப்பு, இல்லை என்று எழுதினேன்.

யோகராணியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவ்வளவுதான்: ஆசையாக இருந்தது, எண்ணவில்லை.